ஒரு கட்டி, இரண்டு பெயர்

ஜெயக்கொடி பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். மதியம் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டால் அவள் குரல் தெருமுனைவரை கேட்கும். செக்கானூரணிப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டில் பிறந்தவள். புருஷன் நல்லகாமன் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டினார். பிள்ளை இல்லை.

2004 கோடையில் அவள் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. சோறு விழுங்கினால் அதுவும் ஏறி இறங்கியது. சீக்கிரமே எலுமிச்சை அளவுக்கு வளர்ந்துவிட்டதால் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். தைராய்டில் வரும் சாதாரணப் புற்றுநோய்தான், பயமில்லை என்றது ஆஸ்பத்திரி லேப். சர்ஜனுக்குச் சந்தேகம் தீரவில்லை. திருநகரில் இருந்த டாக்டர் சந்தானத்திடம் கட்டியின் சதை ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளை அனுப்பினார். சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்வது சந்தானத்தின் வேலை. அவர் வேறு பெயர் சொன்னார். வேகமாகப் பரவுகிற வகை.

"ஒரே கட்டிக்கு எப்படிய்யா ரெண்டு பேரு?" என்று ஜெயக்கொடியோடு சந்தானத்திடமே போய்க் கேட்டார் நல்லகாமன்.

"சாதுவானதும் இருக்கு, ரொம்பப் பொல்லாததும் இருக்குண்ணே. இது நடுவுல நிக்குது. எதெதப் பாத்தா பொல்லாததுன்னு எழுதணும்னு டாக்டர்களுக்குள்ளயே இன்னும் ஒத்துவரல. செல்லு அங்கங்க செத்துக் கெடக்கு. அது எனக்குப் பிடிக்கல. அயோடின் மருந்தோட கழுத்துக்குக் கரண்டும், அதான் கதிர்வீச்சும், வச்சிருங்க."

ஜெயக்கொடி டாக்டருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஆட்டோவில் ஏறியதும் சொன்னாள்.

"நல்லதச் சொன்னவரும் டாக்டருதானே? கரண்டு வேணாங்க."

"ஏ புள்ள, இது என்ன வெளையாட்டா?"

"ரெண்டு பேருமே படிச்சவுக. ரெண்டுல ஒண்ண எடுத்துக்கன்னு எங்கிட்ட விட்டா, நான் எத எடுப்பேன்?"

நல்லகாமன் ஆட்டோவைக் கிளப்பினார். உள்ளூர அவருக்கும் அந்த நல்ல பெயர்தான் வேண்டியிருந்தது.

அயோடின் மருந்து மட்டும் குடித்துவிட்டு மறுபடி வேலைக்குப் போனாள். ஒரு வருஷம் நன்றாகவே ஓடியது. அடுத்த மழைக்காலத்தில் குரல் கம்மியது. கரண்டியால் அண்டாவைத் தட்டிப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். பிறகு இருமல் வந்தது, இருமலில் ரத்தம் வந்தது. நுரையீரல் முழுக்கப் பரவியிருந்தது. அதற்குமேல் வைத்த கரண்டு ஒன்றும் கேட்கவில்லை.

"நான் எடுத்தது தப்பாங்க?" என்று காற்றாகக் கேட்டாள் ஒருநாள்.

"இல்ல" என்றார் அவர்.

தைப் பொங்கலுக்கு முன்பே போய்விட்டாள்.

மறு வருஷம் தற்செயலாக நல்லகாமன் ஆட்டோவில் ஏறிய சந்தானம், ஆளை அடையாளம் கண்டுகொண்டார். கொஞ்சதூரம் போனபிறகு பேசினார்.

"வெளிநாட்டுல பல தேசத்து டாக்டருக கூடி, இன்னின்ன இருந்தா பொல்லாத வகைன்னு ஒத்துக்கிட்டாகண்ணே. அந்தச் சில்ல எடுத்து மறுபடி பாத்தேன். இப்ப யாரு பாத்தாலும் ஒரே பேருதான்."

"அன்னைக்கே இது இருந்திருந்தா பொழச்சிருப்பாளாய்யா?"

"தெரியலண்ணே. கொஞ்ச நாள் கூட இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். ஆனா முடிவு அவுக தலையில விழுந்திருக்காது."

 திருநகரில் டாக்டரை இறக்கிவிட்ட நல்லகாமன், அன்று பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பவில்லை. நேராகப் பசுமலை வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.