அவர் குடிக்காத காப்பி

ராஜபாளையத்தில் நான் வாடகைக்கு வீடு தேடியபோது என் பாஸ்போர்ட்டை யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. பூர்வீகத்தைத்தான் துருவினார்கள். "சொந்த ஊரு எது?" என்பார்கள். மலேசியா, ஈப்போ என்பேன். "அது கெடக்கட்டும், பூர்வீகம்?" கொள்ளுத்தாத்தா தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர், மதுரைப் பக்கம் என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது என்பேன். எதிரே இருப்பவர் முகத்தில் உடனே ஒரு சிரிப்பு வரும். தெரியாதாம்ல, மறைக்கிறாள் என்கிற சிரிப்பு. மூன்று வீடுகள் அந்தச் சிரிப்போடு கைவிட்டுப் போயின. நான்காவது வீட்டு ஓனரம்மா எப்படியோ மாடியைக் கொடுத்தார். கொடுத்த நாளிலிருந்து என் குப்பைக் கூடையைக்கூட எட்டிப் பார்த்தார்.

நான் வந்தது, சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் முறையை ஆசிரியர்களுக்குப் பழக்க. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அறக்கட்டளை இரண்டு வருடத்துக்கு அழைத்திருந்தது. காலையில் ராஜபாளையத்தில் பஸ் ஏறுவேன், ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி மம்சாபுரம் டவுன் பஸ் பிடிப்பேன். போன பள்ளிகளில் எல்லாம் என்னை உளவாளியாகத்தான் பார்த்தார்கள். நான் நோட்டை எடுத்தால் பேச்சு நின்றுவிடும். "மேலிடத்துக்கு எழுதுதாக" என்று என் காதுபடவே சொல்வார்கள். சந்தேகமும் மெட்ராஸ் ஐ மாதிரிதான். ஒட்டிக்கொள்ளும். ஆறே மாதத்தில் நானும் எல்லோரையும் ஓரக்கண்ணால் பார்க்கப் பழகிவிட்டேன்.

மம்சாபுரத்துப் பக்கம் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுத்த ஓர் ஆசிரியை மட்டும் நான் போனால் பேச்சை நிறுத்தமாட்டார். பஸ் பலகைகளில் உள்ள ஊர்ப் பெயர்களை அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, வகுப்புக்குள்ளேயே பஸ் ஓட்டுவார். பலகையைச் சரியாக வாசித்தவனுக்குத்தான் பஸ்ஸில் இடம். "ஏலே, கிருஷ்ணன்கோவில் பஸ்ல ஏறிட்டு மம்சாபுரத்துல எறங்குவியா? எறங்குலே கீழ!" வகுப்பே உருண்டு சிரிக்கும். சிரிப்பு அடங்குவதற்குள் பையன் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்திருப்பான். அம்மாடி, இருபது வருடம் நான் படித்துச் சேர்த்ததை அந்தப் பெண்மணி அரை மணி நேரத்தில் செய்துவிட்டுப் போவார்.

எட்டு வருடமாக அவர் தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு ஜூன் மாதமும், இந்த வருடமாவது கூப்பிடுவார்களா என்று காத்திருப்பவர். நான் ஊர் திரும்பியதும் என் வேலையை நிரந்தரமாகப் பார்க்க உள்ளூர் ஆசிரியர் ஒருவரை அறக்கட்டளை எடுக்கப்போகிறது என்பதும், நான் எழுதிக் கொடுக்கும் பெயருக்குத்தான் அந்த வேலை என்பதும் அவருக்குத் தெரியும். கேட்கமாட்டார். "எப்ப மேடம் ஊருக்குப் போறீக?" என்று மட்டும் கேட்பார்.

அட்டைகள் தயாரிக்க மூன்று முறை என் வீட்டுக்கு வந்தார். முதல் முறை காப்பி போட்டு நீட்டினேன். "இன்னைக்குப் புரட்டாசி சனி மேடம், விரதம்" என்றார். சரி, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து மலை, அதற்கும் திருவண்ணாமலை என்றுதான் பெயர், அந்தப் பெருமாளுக்கு ஊரே விரதம் இருக்கிற மாதம் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் முறை, "இப்பத்தேன் குடிச்சிட்டு வாரேன்." மூன்றாம் முறை தொண்டை கட்டியிருந்ததாம். தொண்டை கட்டியவர் ஒரு மணி நேரம் கணீரென்று பேசினார்! பால்கோவா பொட்டலத்தை நீட்டினேன். அதை மட்டும் பிரிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு ஓனரம்மா மாடி ஏறி வந்தார். "ஏம்மா, அந்த டீச்சரு எந்தத் தெருவு?"

"மம்சாபுரம் பக்கம்."

"ஊரு தெரியும். தெருவக் கேட்டேன்."

"தெரு எதுக்கும்மா உங்களுக்கு? கடிதாசி போடப் போறீங்களா?"

உலகம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

எனக்கோ காப்பிதான் மண்டைக்குள் ஓடியது. கடைப் பால்கோவா ஆகும், என் கை பட்ட காப்பி ஆகாது. வேறென்ன அர்த்தம்? பூர்வீகம் தெரியாதவள் வீட்டில் தண்ணீர் குடிக்க அவருடைய சாதி விடவில்லை. அப்படி நினைத்த மாத்திரத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடல் தாண்டி வந்து உழைப்பேனாம், என் டம்ளரைத் தொட இவருக்குக் கூசுமாம்!

அந்த வாரமே அறக்கட்டளைக்குப் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவர் பெயர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு ஆசிரியை. சுமாராகச் சொல்லிக்கொடுப்பவர், ஆனால் என் வீட்டுக்கு வந்த அன்றே இரண்டு காப்பி கேட்டு வாங்கிக் குடித்தவர். படிவத்தில் அப்படியா எழுத முடியும்? 'எல்லோருடனும் கலந்து பழகும் இயல்பு' என்று எழுதினேன்.

பத்து நாள் கழித்து மம்சாபுரம் பள்ளிக்குப் போனேன். சாக்பீஸ் தூளில் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அவர் ஓடிப்போய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்தார். நான் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு என் வெந்நீர் பாட்டிலைத் திறந்தேன். வந்த புதிதில் பத்து நாள் வயிற்றுப்போக்கில் படுத்ததிலிருந்து எனக்கு எங்கே போனாலும் அதுதான்.

அவர் டம்ளரை மேசையில் வைத்தார். "ஒன்னர வருசமா வாரீக மேடம். எங்க ஸ்கூல்ல ஒரு வாய்த் தண்ணி குடிச்சிருக்கீகளா?"

"எனக்கு வயிறு ஒத்துக்காதுங்க, அதான்..."

"எல்லாரும் வயித்தத்தேன் சொல்லுவாக."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க மட்டும்? மூணு தடவை வந்தீங்களே, என் காப்பியைத் தொட்டீங்களா? என் சாதி தெரியாம குடிக்க உங்க சாதி விடலையாக்கும்!"

"எஞ் சாதியா? ஆத்தாடி!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "உங்க ஓனரம்மா எந்தத் தெருன்னு கேக்கலயா? எங்க தெருப் பேரச் சொல்லிருந்தா மறுநாளே உங்களையும் சேத்துக் காலி பண்ணச் சொல்லிருப்பாக. காலேஜ்ல படிக்கையில கூட்டாளி ஒருத்தி வீட்டுல காப்பி குடிச்சேன் மேடம். நல்லாத்தேன் பேசுனாக. வாசல்ல வந்து செருப்ப மாட்டுதேன், உள்ள டம்ளர் குப்பைக் கூடையில விழுற சத்தம். எவர்சில்வர் டம்ளரு! அதுலருந்து யாரு வீட்டுலயும் வாய் நனைக்கிறதில்ல. உங்க டம்ளர நீங்க என்ன செய்வீகன்னு தெரிஞ்சுக்கிட எனக்குத் தெம்பு இல்ல."

மேசையில் இருந்த தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். வெட்கத்தில் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்துக்கு ஓடினேன். பெயரை மாற்ற வேண்டும், தப்பு நடந்துவிட்டது என்றேன். உத்தரவு போய்விட்டது என்றார்கள். அந்த இன்னொரு ஆசிரியை அதை நம்பி இருந்த வேலையையும் ராஜினாமா செய்துவிட்டு வந்திருந்தார். அவரை என்ன சொல்லி வீட்டுக்கு அனுப்ப? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் பேயைக் கண்டது அந்த ஊரிலேயே என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசிய ஒரே மனுஷியிடம்.

மறுநாள் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை அவருக்கு இல்லை என்பதை, ஏன் இல்லை என்பதை, அந்த இரண்டு காப்பியைக்கூட. அவர் பிள்ளைகளின் நோட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "மன்னிச்சிருங்க, நான் உங்களைப் பெரிய சாதின்னு நினைச்சுட்டேன்" என்றேன். அதைவிடக் கேவலமாக ஒரு மன்னிப்பு கேட்க முடியுமா, தெரியவில்லை.

அடுக்கிய நோட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இங்க உள்ளவுக எங்களக் கீழன்னு நெனச்சுத் தள்ளுவாக. நீங்க மேலன்னு நெனச்சுத் தள்ளிட்டீக. எப்படி நெனச்சாலும் வேல எனக்குத்தேன் இல்லாமப் போகுது, பாத்தீகளா மேடம்?"