முளைவிட்ட நாற்பது கிலோ ராகி

மூன்று வருடங்களுக்கு முன், புரட்டாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, போத்தனூரில் நடந்தது இது. அப்போது நான் ஒரு நாளிதழின் கோவைப் பதிப்பில் வேலை பார்த்தேன். ஞாயிறு இணைப்பிதழில் சிறுதொழில் செய்பவர்களைப் பற்றி வாரம் ஒரு பக்கம் எழுதுவது என் பொறுப்பு. இடம், நேரம், அளவு எதுவும் பிசகக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருப்பேன். என் பக்கத்துக்கு ஒருமுறைகூடத் திருத்தம் போட நேர்ந்ததில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மளிகைக் கடையில் சத்துமாவு பாக்கெட் ஒன்றைப் பார்த்தேன். பளபளப்பு எதுவும் இல்லாத சாதாரண பாக்கெட். வைத்த இரண்டு நாளில் தீர்ந்துவிடுகிறது என்றார் கடைக்காரர். பாக்கெட்டில் இருந்த எண்ணுக்கு போன் செய்தேன். என் வயதே இருக்கக்கூடிய ஒரு பெண்ணின் குரல்.

"கம்பெனியப் பாக்கோணுமுங்களா? தாராளமா வாங்க மேடம். ஆனா மத்தியானமா வாங்க. மத்த நேரத்துல வந்தீங்கன்னா கம்பெனி இருக்காதுங்க."

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். போய்ப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு சரியான தகவல் என்று புரிந்தது.

ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீடு. எந்திரம் எதுவும் இல்லை. நான்கு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள், ஈரத்துணியில் கட்டி வைத்த ராகி மூட்டைகள், ஒரு தராசு, பாக்கெட் வாயை ஒட்டும் சிறிய கருவி. அவ்வளவுதான். பத்து வருடம் நூற்பாலையில் வேலை பார்த்தவர் அந்தப் பெண். ஆலை மூடியதும் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இதைத் தொடங்கியிருக்கிறார். ராகியை ஊறவைத்து முளைகட்டுவது வீட்டில். முளைவிட்ட ராகியை ஈரம் போகக் காயவைக்க வேண்டுமே, அது எங்கே என்று கேட்டேன். ஒரு தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாங்க" என்று தெருவில் இறங்கி நடந்தார்.

தெருமுனையில் ஒரு பேக்கரி. பழைய விறகு அடுப்பு. அதிகாலையில் பற்றவைத்து, ரொட்டியும் பன்னும் சுட்டு முடிக்கும்போது காலை பதினொன்றாகிவிடும். அதன்பின் நெருப்பு இல்லை. ஆனால் அடுப்பின் செங்கல் சூடு மாலை வரை ஆறாது. அந்தச் சூட்டில்தான் இவருடைய ராகி காய்ந்தது. ஒரு காகிதத் துண்டை உள்ளே எறிந்து பார்ப்பார். பழுப்பேறினால் இன்னும் காத்திருக்க வேண்டும். பழுப்பேறாவிட்டால் தட்டுகளை உள்ளே தள்ளலாம்.

இதற்கு பேக்கரி உரிமையாளர் எதுவும் வாங்கிக்கொள்வதில்லை. எல்லோரும் பாய் என்று கூப்பிடும் அவர், கல்லாவில் இருந்தபடியே சிரித்தார்.

"நெருப்பு நான் போட்டது, சூடு அது பாட்டுக்குப் போறதுங்க. போற சூட்டுக்கு நான் என்னத்தைங்க கேக்கறது?"

"கேட்டாத்தான் நான் வேற கடை பாத்துப்போடுவேனே" என்றார் இந்தப் பெண்.

"பாருங்க மேடம், என்ற அடுப்புல நின்னுக்கிட்டு என்னையே மெரட்டுது இந்த அம்மணி!"

கைம்மாறாக அந்தப் பெண் செய்வது ஒன்றுதான். தான் பயன்படுத்திய தட்டுகளை மட்டுமின்றி, பேக்கரியின் எல்லாத் தட்டுகளையும் தேய்த்துக் கழுவி அடுக்கிவிட்டுத்தான் வெளியே வருவார்.

மற்றவையும் இதே மாதிரிதான். மாவு மில்லில் காலையில் முதல் அரைப்பு இவருடையது. மிளகாய் எதுவும் விழாத, துடைத்து வைத்த எந்திரம் அப்போதுதான் கிடைக்கும். மில்காரருக்கும் அந்த நேரத்தில் வேறு கூட்டம் இல்லை. பாக்கெட்டுகள் கடைகளுக்குப் போவது, குழந்தைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் ஒரு வேனில். ஊரில் யார் யாரிடம் எது எப்போது சும்மா இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். எனக்கு அதிர்ச்சியாகவே இருந்தது. அத்தனை தொழிற்கூடங்களைப் பார்த்து எழுதியவள் நான். சொந்தமாக எதுவுமே இல்லாத ஒரு தொழிற்கூடத்தை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு பெண்கள் கல்லூரி விடுதியிலிருந்து அவருக்கு அப்போதுதான் முதல் பெரிய ஆர்டர் வந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நாற்பது கிலோ கொடுக்க வேண்டும். சரியாகக் கொடுத்தால் மாதாமாதம் தொடரும். தவறினால் வேறு கம்பெனிக்குப் போய்விடும். "இது நெலச்சுதுன்னா சொந்தமா ஒரு டிரையர் வாங்கிப்போடுவேனுங்க" என்றார்.

நான் எழுதினேன். 'முதலீடு: அணைந்த அடுப்பின் சூடு' என்று தலைப்பு. பேக்கரி இருக்கும் தெரு, அடுப்பு அணையும் நேரம், தட்டுகளின் எண்ணிக்கை, அவர் தட்டுகளைக் கழுவித் தருவது என எல்லாவற்றையும் எழுதினேன். ஞாயிறன்று வெளியானது. பாராட்டி இருபது பேராவது போன் செய்தார்கள்.

செவ்வாய்க்கிழமை முற்பகல் பாய் போன் செய்தார். குரலில் சிரிப்பு இல்லை.

"மேடம், காலைல ஃபுட் சேஃப்டி ஆபீசர் ஒருத்தர் வந்துட்டுப் போனாருங்க. கையில உங்க பேப்பரு. எனக்கு பேக்கரிச் சாமானுக்குத்தானுங்க லைசென்ஸ். அந்த அம்மணிக்கு ஊட்டு விலாசத்துல லைசென்ஸ். ஒருத்தர் பொருளை இன்னொருத்தர் இடத்துல செய்யலாமான்னு கேட்டாருங்க. நான் என்ன சொல்றது? இனி அடுப்பறைக்குள்ள விட முடியாதுன்னு அம்மணிகிட்டச் சொல்லிப்போட்டேனுங்க. எனக்கும் ரெண்டு பசங்க இருக்காங்க."

"நான் தப்பா எதுவும் எழுதலையே பாய்" என்றேன்.

"தப்பா எழுதியிருந்தா நான் இல்லைன்னு சொல்லியிருப்பேனுங்களே. அத்தனையும் நெசமா எழுதிப்போட்டீங்க."

போனை வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை எடுத்து மறுபடி படித்தேன். ஒருமுறை அல்ல, நான்கு முறை. ஒரு பிழையாவது கிடைக்காதா என்று வரி வரியாகத் தேடினேன். கிடைக்கவில்லை. வந்த அதிகாரி மீதும் குறை சொல்ல முடியாது. அவர் தன் வேலையைச் செய்திருக்கிறார். விதி என்ன என்று நான் ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். அந்தப் பக்கத்தில் நான் சரிபார்க்காமல் விட்டது அது ஒன்றைத்தான்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. விடுதிக்கான ராகியைத் திங்கட்கிழமை முளைகட்டப் போவதாக அந்தப் பெண் சொல்லியிருந்தார். அப்படியானால் நாற்பது கிலோவும் இப்போது முளைவிட்டு ஈரமாக இருக்கும். இன்றே காயவைக்காவிட்டால் புளித்த வாடை வந்துவிடும். வெளியே வானம் மூட்டமாக இருந்தது. மொட்டை மாடியில் பரப்பவும் வழியில்லை.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போத்தனூருக்குப் போனேன். அழுதுகொண்டிருப்பார், அல்லது என்னைப் பார்த்ததும் கத்துவார். இரண்டுக்கும் தயாராகத்தான் போனேன்.

அவர் வாசலில் உட்கார்ந்து, கத்தரிக்கோலால் என் கட்டுரையை வெட்டிக்கொண்டிருந்தார்.

கிழித்து என் முகத்தில் எறியப்போகிறார் என்றே நினைத்தேன். அவரோ ஓரம் பிசகாமல் வெட்டியெடுத்து, ஒரு அட்டையில் பசை தடவி ஒட்டினார். உள்ளே நான்கு தொட்டிகளிலும் வெள்ளை முளைகளோடு ராகி நிறைந்திருந்தது.

"மன்னிச்சிருங்க" என்று ஆரம்பித்தேன். கேட்டிருக்க வேண்டும், யோசித்திருக்க வேண்டும் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் அட்டையை அழுத்திக்கொண்டே கேட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"ஏனுங் மேடம், மனசு ரொம்பச் சங்கடமா இருக்குதுங்களா?"

"ஆமாங்க."

"அதை வீணாக்காதீங்க. வண்டியத் திருப்பி நிறுத்துங்க. நாலு நடை அடிக்கோணும்."

கோபத்தைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டு, என்னிடம் என்ன கிடைக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். ஒரு ஸ்கூட்டர், பெட்ரோல், ஒரு பகல் பொழுது, குற்ற உணர்ச்சி.

அந்த அதிகாரியையும் அவர் விட்டு வைக்கவில்லை. பேக்கரியில் பாய் வியர்த்துப்போய் நின்ற நேரத்தில், விஷயம் தெரிந்து அங்கே போன இவர் அதிகாரியிடம், "இங்க கூடாது சரிங்க, எங்கே காயவெச்சாக் கூடும்?" என்று கேட்டிருக்கிறார். அவல், சேமியா மாதிரி தானியப் பொருள் காயவைக்க உரிமம் உள்ள இடமாக இருக்க வேண்டும், அந்த விலாசத்தை இவருடைய உரிமத்தில் சேர்த்துவிட்டால் போதும் என்று அவரும் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். ஒரு பாக்கெட் லேபிளின் பின்புறத்தில் அதை இவர் எழுதி வைத்திருந்தார்.

கட்டுரை ஒட்டிய அட்டையோடு முதலில் ஒரு அவல் மில்லுக்குப் போனோம். முதலாளி அட்டையைப் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிட்டார். "பேப்பர்ல வந்து, பின்னாடியே ஆபீசரும் வந்தாரா? நமக்கு வேண்டாமுங்க தாயி." என் எழுத்து எனக்கு எதிரிலேயே ஒரு கதவைச் சாத்தியது. அந்தப் பெண்ணின் முகம் ஒரு நிமிடம் வாடியது. அன்று முழுவதும் நான் பார்த்த ஒரே வாட்டம் அதுதான். மணி அப்போது பன்னிரண்டரை.

அடுத்தது சுந்தராபுரத்தில் ஒரு சேமியா தயாரிப்புக் கூடம். மத்தியானம் ஒரு லோடு சேமியாவை உலர்த்தும் அறையிலிருந்து எடுப்பார்கள். அடுத்த லோடு மாலை ஆறு மணிக்குத்தான். இதுவும் அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. உரிமையாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்றபடியே கட்டுரையை முழுவதும் படித்தார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார்.

"தட்டெல்லாத்தையும் கழுவித் தருவீங்கன்னு போட்டிருக்குது. நெசமுங்களா?"

"நெசமுங்க. உங்க உலர்த்துற மரச்சட்டம், தட்டு, தரை எல்லாம் கழுவிப்போடுறேன்."

"இவங்க?" என்று என்னைக் காட்டினார். "பேப்பர்க்காரங்களா? எழுதுவாங்களா?"

"எழுத மாட்டாங்க. இன்னைக்குச் சுமை தூக்க வந்திருக்காங்க."

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அந்தப் பெண் சொன்னது உண்மைதான்.

நான்கு நடை அடித்தேன். காலுக்கு நடுவில் ஈரம் சொட்டும் தொட்டி, பின்னால் என் தோளைப் பிடித்தபடி அவர். கடைசி நடையில், "மெதுவா போ அம்மணி, குழியில விட்டுப்போடாதே" என்றார். அதுவரை மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். நான்காவது தொட்டி நாங்கள் போய்ச் சேர்வதற்குள் புளித்துவிட்டது. அதை முகர்ந்து பார்த்ததும் தனியே ஒதுக்கினார். பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்குப் போனது அது. மற்ற மூன்றையும் மரச்சட்டங்களில் பரப்பினோம். ஆறு மணிவரை நானும் சேர்ந்து தரையைத் தேய்த்தேன். முழுதாகக் காய மறுநாள் மத்தியானமும் தேவைப்பட்டது. மறுநாள் காலையிலேயே அவர் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய், புதிய விலாசத்தைச் சேர்க்க விண்ணப்பம் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடுதிக்கு நாற்பது கிலோ போகவில்லை. முப்பதுதான் போனது. குறைந்ததற்கான காரணத்தை மறைக்காமல் சொல்லி, மீதியைத் திங்கட்கிழமை கொடுத்தார். புளித்ததை மாவோடு கலக்காமல் ஒதுக்கியதைக் கேட்ட விடுதிக் காப்பாளர் ஆர்டரை நிறுத்தவில்லை. அந்தப் பெண்ணின் சொந்த டிரையர் வருவதற்கு அதன்பின் ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது.

பாய் அந்த ஆண்டு தன் ஆவணங்களைச் சரிசெய்யப் பல நாள் அலைந்தார். இப்போதும் போத்தனூர் பக்கம் போனால் என்னைக் கூப்பிட்டு டீ கொடுப்பார், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிப்பார். ஆனால் அடுப்பறைப் பக்கம் என்னை அழைத்ததில்லை. நானும் கேட்பதில்லை.

அதன்பின் ஒருவருடைய தொழிலைப் பற்றி எழுதும்போது, தகவல் சரியா என்பதோடு, இது அச்சில் வந்தால் யாருக்கு என்ன ஆகும் என்றும் விசாரித்துக்கொள்கிறேன். சில பக்கங்கள் அதனால் சுவை குறைந்துதான் வந்தன. அதைவிட அதிகமாக மாறியது ஒன்று உண்டு. இன்றும் யாரிடமாவது மன்னிப்புக் கேட்கப் போக நேர்ந்தால், என்ன பேசுவது என்று ஒத்திகை பார்ப்பதில்லை. வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து, அன்றைய பகலைக் காலியாக வைத்துக்கொண்டுதான் புறப்படுகிறேன்.