பச்சை பெயிண்ட் அடித்த மேடை

உப்புக்காற்றில் இரும்பை வைத்துக்கொண்டு ஆலை நடத்துவது பெரும்பாடு. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஓர் ஆலையில் மெயின்டனன்ஸ் மேனேஜராகச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அது எனக்கு விளங்கிவிட்டது. உப்பைக் கழுவி, அரைத்து, பாக்கெட் போடும் ஆலை. புதிதாக மாட்டிய போல்ட்டைத் திரும்பிப் பார்ப்பதற்குள் துரு ஏறியிருக்கும்.

எங்கள் முதலாளியைப் பொறுத்தவரை மெயின்டனன்ஸ் என்றால் பெயிண்ட். ஆயுத பூஜைக்கு முன்னால் ஆலை முழுக்கப் பளபளவென்று அடித்துவிட்டால் வருடத்து வேலை முடிந்தது. நல்ல மனுஷர்தான். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தன் காரிலேயே பாண்டிச்சேரிக்கு அனுப்பிவைப்பார். மிஷினுக்கு உடம்பு சரியில்லை என்றால் மட்டும் காது கேட்காது.

உப்பை மேலே தூக்கிக்கொண்டு போகும் எலிவேட்டரின் உச்சியில் ஒரு மோட்டார், அதைச் சுற்றி நிற்க ஓர் இரும்பு மேடை. கீழ்புத்துப்பட்டிலிருந்து வரும் எங்கள் ஃபிட்டர் தினமும் அதில் நின்றுதான் கிரீஸ் வைப்பார். மேடையின் அடித்தகடு அப்பளம் போலப் துருவில் பொரிந்து கிடந்தது. ஆலையை நிறுத்தித் தகட்டை மாற்ற வேண்டும் என்றேன்.

"மழை வர்றதுக்குள்ள வெளிய கெடக்குற உப்பு உள்ள வந்தாவணும் மேடம். மழை புடிச்சிக்கினா எத்தினி நாள் வேணா நிறுத்திக்குங்க" என்றார் முதலாளி. போன வருடம் முந்திக்கொண்டு வந்த மழையில் அவருடைய உப்பு அம்பாரம் கண்ணெதிரே கரைந்தது. பேராசைக்காரர் என்று அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தகட்டை மாற்றும் வரைக்கும் மேலே யாரும் ஏறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, தங்கை கல்யாணத்துக்கு லீவில் போனேன்.

திரும்பி வந்தது ஆயுத பூஜை அன்று. மேடை பச்சைப்பசேலென்று மின்னியது. பொரிந்த தகட்டின் மேலேயே கெட்டியாகப் பெயிண்டைப் பூசியிருந்தார்கள்.

சாமி படத்துக்கு முன்னால் வாழை இலையில் ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் சந்தனம், குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. பொட்டு வைத்தது ஃபிட்டரின் மனைவி. அவருக்கும் எங்கள் பாக்கெட் செக்‌ஷனில்தான் வேலை. எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. கீழே தீபாராதனை முடிந்ததும் ஃபிட்டர் உச்சிக்கு ஏறி, அந்த மோட்டாருக்கும் கற்பூரம் காட்டிவிட்டு வர வேண்டும். தட்டோடு அவர் ஏணியில் கால் வைத்துவிட்டார்.

"அண்ணா, இறங்குங்க. யாரும் ஏறக் கூடாதுன்னு சொன்னேன் இல்ல?"

"அதான் சரி பண்ணியாச்சே மேடம். பாருங்க, எப்டி கீது!"

"பெயிண்ட் ஆளைத் தாங்குமா? தட்டிப் பாத்துட்டு அப்புறம் ஏறுங்க."

"இன்னிக்கு சுத்தியலத் தொடக் கூடாதுங்க, படைச்சிட்டோம். நாளைக்குத் தட்டிக்கலாம்" என்றார். முதலாளியும், "நல்ல நாள் அதுவுமா ஏம்மா?" என்று இழுத்தார்.

மழைக்கு முன்னால் ஆலை முழுசாக நிற்பது அந்த ஒரு நாள்தான். அந்த ஒரு நாளில்தான் எந்தக் கருவியையும் தொடக் கூடாதாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இலையிலிருந்து சுத்தியலை எடுத்தேன். கூட்டத்தில் "ஐயையோ" என்று குரல் எழுந்தது. ஃபிட்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சேஃப்டி பெல்ட் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன். ஏணி அந்த வருடம் மாற்றியது, அதனால் அதில் பயமில்லை. மேடைக்குக் கீழேயே நின்று, ஃபிட்டர் வழக்கமாகக் கால் வைக்கும் இடத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். பலமாகக்கூட இல்லை. சுத்தியல் தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. துருவும் பச்சைச் சில்லுகளும் கீழே கொட்டின. அந்த ஓட்டை வழியாக வானம் தெரிந்தது.

இறங்கி வந்தேன். ஃபிட்டர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலாளி அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். கடல் பக்கம் மேகம் கூடியிருந்தது.

"நாளைக்கு ஆலைய ஓட்ட வேணாம்" என்றார் அவராகவே. "வெல்டர வரச் சொல்லுங்க. மழை வந்தா வரட்டும்."

பூஜையைக் கெடுத்துவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சுத்தியலைத் திரும்ப இலையில் வைக்கக் குனிந்தேன். ஃபிட்டரின் மனைவி வந்து என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"வெக்காதீங்க மேடம். அவரு ஏறி நிக்கிற எடம் இன்னும் நெறைய இருக்குது. எல்லாத்தியும் தட்டிப் பாத்துடுங்க."