காருக்கு முலாம் பூசிய வருஷம்

என் வீட்டுக்காரருக்கு என்மேல் ஆசை இருந்ததா என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. அவருடைய காரின்மேல் அவருக்கு இருந்த ஆசை வாணியம்பாடி முழுக்கத் தெரியும். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கார் வைத்திருந்த தோல் வியாபாரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊட்டிப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டியை இவர் வாங்கி வந்தார். எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் முன்னால் ரேடியேட்டரைச் சுற்றியிருந்த சட்டம், விளக்குகளின் வளையம், கதவுக் கைப்பிடி, ரேடியேட்டர் மூடிமேல் இறக்கை விரித்து நின்ற கழுகு, எல்லாவற்றிலும் நிக்கல் பூச்சு தேய்ந்து உள்ளே இருந்த பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது.

எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. நான் அந்தக் காரின் முன்பக்கத்தை என்றைக்கு நின்று பார்த்தேன்? கொல்லை வாசலில் வந்து நிற்கும். புர்காவோடு ஏறுவேன். சுற்றிலும் திரையை இழுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் எனக்குத் தெரிவதெல்லாம் பச்சைத் துணிதான். அந்தப் பச்சைத் துணிக்குள் உட்கார்ந்துதான் பேரணாம்பட்டில் இருந்த என் அம்மாவைப் பார்க்கப் போவேன். வேறு எதிலும் போக எனக்கு அனுமதி கிடையாது. பஸ்ஸில் போனால் கண்டவன் பார்ப்பான். மாட்டு வண்டியில் போகிறேன் என்றால், "தோல் மண்டிக்காரன் பொண்டாட்டி மாட்டு வண்டியில போறா பாருன்னு ஊரு சிரிக்கும்" என்பார். ஆக, காருக்கு ஏதாவது ஆனால் நான் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

முதலில் தேய்க்க ஆரம்பித்தார். தோல்காரருக்கு வேறு யோசனை வராது. டேனரியில் காய்ந்த தோலைக் கண்ணாடிக் கட்டையால் தேய்க்கத் தேய்க்க மெருகு ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்த்தே வளர்ந்த மனிதர். மஞ்சள் தெரிகிறதென்றால் தேய்த்தது போதவில்லை, அவ்வளவுதான் அவர் கணக்கு. தோலுக்கு மெருகு போடுகிற ஆளையே டேனரியிலிருந்து கூட்டி வந்து காருக்கு முன்னால் உட்கார வைத்தார். புளி, செங்கல் பொடி, அப்புறம் ஆட்டுத்தோல் துண்டு. அந்த ஆளும் முதலாளி சொல்கிறாரே என்று மூச்சுப் பிடித்துத் தேய்த்தான். ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச நிக்கலும் போய், வண்டி காமாலை கண்ட ஆள் மாதிரி நின்றது.

"இன்னும் ஜாஸ்தி தேய்க்கணும்," என்றார்.

"தேய்க்கத் தேய்க்கத்தானேங்க போவுது. தோலுக்கு மெருகு தோல்லயே ஏறும். இது மேல பூசின பூச்சு," என்றேன்.

"உனக்கு இன்னா தெரியும் வண்டியப் பத்தி?"

வண்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுதான். வெள்ளிப்பூச்சு வெற்றிலைப் பெட்டியைத் தேய்த்தே பாழாக்கின வீட்டில் பிறந்தவள் என்பதால் பூச்சைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். ஆனால் இவரிடம் அதைச் சொல்வதும் ஒன்று, சுவரிடம் சொல்வதும் ஒன்று.

பிறகு யாரோ மெட்ராஸில் குரோமியம் என்று ஒரு புது முலாம் வந்திருப்பதாகவும், அது நிக்கலைவிட வெள்ளையாக மின்னும், தேய்க்கவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே பளபளக்க வேண்டிய சாமான் அத்தனையையும் கழற்றி, வைக்கோல் சுற்றி, மரப்பெட்டியில் அடைத்து ரயில் பார்சலில் மெட்ராஸ் பட்டறைக்கு அனுப்பினார். கார் கொட்டகையில் மூக்கும் கண்ணும் இல்லாமல் நின்றது. ரேடியேட்டர் வாயில் ஒரு மரக்கட்டையைச் செருகி வைத்திருந்தார்கள். "ஓடுறதுக்கு ஒண்ணும் இல்லம்மா, இப்பவே மெட்ராஸ் வரைக்கும் ஓட்டிக் காட்டுவேன்," என்று டிரைவர் என்னிடம் சொன்னார். அதை முதலாளியிடம் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பேரணாம்பட்டிலிருந்து ஆள் வந்தது. அத்தாவும் அம்மாவும் ஹஜ்ஜுக்குப் போகிறார்கள், பம்பாயில் கப்பலுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று சேதி. இப்போது விமானத்தில் போய் வந்துவிடுகிறார்கள். அன்றைக்குப் போகிறவர்கள் மையத்துக்குச் சுற்றுகிற கஃபன் துணியையும் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். திரும்பி வந்தால் வந்தது, இல்லாவிட்டால் அங்கேயே அடக்கம். அதனால் புறப்படும் முன் சொந்தபந்தம், அக்கம்பக்கம் ஒருவர் விடாமல் பார்த்து, "தெரிஞ்சும் தெரியாமயும் ஏதாவது தப்பு நடந்திருந்தா மாப் பண்ணிடுங்க" என்று கேட்பார்கள். கேட்கப்பட்டவரும் மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொல்ல வேண்டும். மனதில் நினைத்தால் போதாது.

இவர் அன்று நல்ல மனசோடு இருந்தார். "பஸ்ஸு எதுக்கு? நானே கார்ல வந்து ஆம்பூர் ஸ்டேஷன்ல வுட்டுடுறேன்னு மாமாகிட்ட சொல்லு," என்று வந்த ஆளிடம் சொல்லி அனுப்பினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் வரைக்கும் திரைக்குள் நானும் அம்மாவும் மட்டும். அவள் கேட்பாள், நான் சொல்வேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டே வருவேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மெட்ராஸிலிருந்து பெட்டி வந்தது. சட்டமும் வளையங்களும் கண்ணைப் பறித்தன. நான்கூட வாயைப் பிளந்தேன். ஆனால் பட்டறைக்காரன் முலாம் போடும் முன் கழுகை இயந்திரத்தில் வைத்துத் தேய்த்த தேய்ப்பில் அதன் இறகெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. அலகு இருந்த இடத்தில் ஒரு மொட்டைக் குமிழ். இவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கழுகா, கோழியா?" என்று கத்தினார்.

"எதுவா இருந்தா என்னங்க, மூடியில வெச்சுத் திருகுங்க. அம்மா கெளம்புற நாள் வந்துடுச்சு."

"ஆம்பூர் ஸ்டேஷன்ல தோல்காரங்க அத்தன பேரும் வருவாங்க. மாமா தெருவே வாசல்ல நிக்கும். அங்க கோழிய வெச்சுக்கிட்டுப் போய் நிக்கச் சொல்றியா? நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எறங்குறது?"

"மூஞ்சி உங்களுக்கா, வண்டிக்கா?" என்று கேட்டுவிட்டேன். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. நானும் பரிமாறவில்லை.

கழுகு மறுபடி மெட்ராஸுக்குப் போனது. இறகை உளியால் வெட்டி, திரும்ப முலாம் போட்டு அனுப்பச் சொன்னார். அதுவரை மற்ற சாமானையும் மாட்டவிடவில்லை. மாட்டினால் அரைகுறையாக இருக்குமாம். ஒவ்வொரு நாளும் ரயில் வருகிற நேரத்துக்கு ஸ்டேஷனுக்கு ஆள் போவதும் வெறுங்கையோடு வருவதுமாக இருந்தது. நான் ஜன்னலில் நின்று அந்த ஆளின் கையைத்தான் பார்ப்பேன். ஒரு கோழிக்குஞ்சு அளவு பித்தளைக்காக நான் இப்படி நிற்க வேண்டியிருந்ததே என்று நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

புறப்படுகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் கழுகு வந்து சேர்ந்தது. விடிந்ததும் மாட்ட ஆரம்பித்தார்கள். முலாம் ஏறினதில் திருகாணிகள் துளைக்குள் போக மறுத்தன. ஒவ்வொன்றையும் அரம் போட்டு ராவ வேண்டியிருந்தது. நான் புர்காவைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வெயில் முற்றத்தில் ஏறிக்கொண்டே வந்தது. ஒருவழியாக வண்டி கொல்லை வாசலுக்கு வந்தபோது நான் முன்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தேன்.

ஆம்பூர் வந்து, பேரணாம்பட்டுப் பாதையில் திரும்பியாயிற்று. மண் பாதை. புழுதி திரைக்குள்ளும் வந்தது. எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை, ஒவ்வொரு குலுக்கலுக்கும் அம்மா பக்கத்தில் வருகிறாள் என்றே இருந்தது. ஊருக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது வண்டி நின்றது.

"ஏன் நின்னுடுச்சு?" என்று திரைக்குள்ளிருந்து கேட்டேன்.

"பாரு, எப்படிப் புழுதி படிஞ்சிருக்கு! இப்படியேவா ஊருக்குள்ள போறது? கெணறு இருக்கு, ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தித் தொடச்சிட்டுப் போலாம்," என்றார்.

"ஏங்க, நேரமாவுதுங்க. ஒங்க கால்ல வேணா விழறேன்."

"இதோ ஆச்சு, இதோ ஆச்சு."

இவரும் கிணற்றடிக்கு இறங்கிப் போனார். முகம் கழுவி, பெட்டியிலிருந்து புதுத் துருக்கித் தொப்பியை எடுத்து வைத்துக்கொள்ளப் போனார் என்று பிறகு தெரிந்தது. டிரைவர் வண்டிக்கு மறுபக்கம் குந்தி உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தார். ஈரத்துணி உலோகத்தில் உரசுகிற கீச்சுச் சத்தம் என் பல்லைக் கூசவைத்தது. அப்போது எதிரே பஸ் வருகிற சத்தம் கேட்டது. பஸ் என்றால் ஆண்கள் கூட்டமாக இருப்பார்கள். காற்றில் விலகியிருந்த திரையை நானே இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. கிணற்றடியிலிருந்து இவர் ஓடி வந்து, "டேய், கண்ணு தெரியலியா? தொடச்ச வண்டிமேல புழுதியடிச்சுட்டுப் போறான் பாரு!" என்று கத்தினார். மறுபடி தண்ணீர், மறுபடி துணி.

அம்மாவின் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. கார் வரும் வரும் என்று பார்த்து, இதற்குமேல் இருந்தால் ரயில் போய்விடும் என்று பஸ்ஸில் ஏறிவிட்டார்களாம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். "ஒங்கம்மா படியில நின்னு சொல்லிட்டுப் போனாங்க. எம்மவள மாப் பண்ணச் சொல்லு, நான் அவளுக்கு எல்லாத்தையும் மாப் பண்ணிட்டேன்னு சொல்லுன்னாங்க." தெருப் பிள்ளைகள் காரைச் சுற்றிக்கொண்டு சட்டத்தில் தங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவர் யாரையும் விரட்டவில்லை.

வண்டியைத் திருப்பி ஆம்பூருக்குப் பறந்தோம். அதற்குள் ரயில் போய்விட்டிருந்தது. மன்னித்துவிட்டேன் என்ற வார்த்தையை நான் பச்சைத் துணியிடம்தான் சொன்னேன்.

சில மாதங்கள் கழித்து அத்தா மட்டும் திரும்பி வந்தார். அம்மா மக்காவில் காய்ச்சல் கண்டு மௌத்தாகிவிட்ட சேதி அவருக்கு முன்பே வந்திருந்தது. புனித மண்ணில் அடக்கமாகக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். உள்ளே எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது.

அத்தா எங்கள் கூடத்தில் உட்கார்ந்து ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் பயணத்தை முதலடியிலிருந்துதான் சொல்வார்கள். அவரும் பஸ் ஏறினதிலிருந்து ஆரம்பித்தார்.

"ஊரத் தாண்டினதும் கெணத்துகிட்ட ஒரு கார் நின்னுக்கிட்டிருந்துச்சும்மா. ஒங்கம்மா என் கைய இடிச்சு, 'நம்ம மாப்பிள்ள வண்டியா பாருங்க'ன்னா. நான் எட்டிப் பாக்குறதுக்குள்ள அவளே, 'இல்லல்ல, அவுங்களுது மஞ்சளா இருக்கும், இது கண்ணு கூசுது, யாரோ பெரிய எடத்துப் புது வண்டி'ன்னுட்டா. ஒங்க வண்டியா மட்டும் இருந்திருந்தா பஸ்ஸ நிறுத்தச் சொல்லியிருப்பேன்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொள்வார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து வந்து, "மாமி புது வண்டின்னே நெனச்சுட்டாங்களா?" என்று அத்தாவிடம் கேட்டார். அந்தச் சந்தோஷத்தை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.