சாவியைக் கையில் வைத்தவன் நான்

போன வாரம் ஒரு தப்பு செய்தேன். நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆம்பூர் நெடுஞ்சாலை ஓரத்தில் நான் தினமும் டீ குடிக்கும் கடை. ஏழுமலை டீ போடுவார், அவர் மனைவி கன்னியம்மாள் வடை சுடுவார். காலை ஏழரைக்கு ஷூ கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் அங்கே நிற்பார்கள். அன்று என் டீயை நீட்டிய ஏழுமலை, நான் வாங்குவதற்குள் அப்படியே சரிந்தார்.

கை கால் இரண்டு முறை வெட்டி இழுத்தது. "வலிப்பு! இரும்பு குடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். யோசித்தேனா? என் ஸ்கூட்டர் சாவியை அவர் உள்ளங்கையில் திணித்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டேன். ஒருவர் சோடா உடைத்தார். இன்னொருவர் தோல் செருப்பைக் கழற்றி மூக்கருகே கொண்டு போனார். கன்னியம்மாள், "இன்னாங்க... இன்னாங்க..." என்று கணவரின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒரு பெண் ஓடி வந்தார். ஸ்டெல்லா, தையல் பிரிவில் வேலை. ஏழுமலையின் தோளை உலுக்கினார், நெஞ்சைக் கவனித்தார்.

"சாவிய எடுங்க சார். இது வலிப்பு இல்ல, இதயம் நின்னுடுச்சி. 108க்கு போன் போடுங்க!"

"மூச்சு இழுக்கிறாரேம்மா..."

"அது மூச்சு இல்ல சார், வெறும் இழுப்பு."

மண்டியிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து அழுத்த ஆரம்பித்தார் — வேகமாக, பலமாக. "எலும்பு ஒடஞ்சிடப் போவுதும்மா!" என்று கூட்டம் பதறியது. அவர் காதில் வாங்கவில்லை. நான் போன் போட்டேன்.

கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. யாரும் ஏறவில்லை. உள்ளே இருந்த இரண்டு பெண்கள் இறங்கி ஓடி வந்தார்கள். ஸ்டெல்லாவுக்குக் கை ஓய்ந்ததும் ஒருவர், அவருக்கு ஓய்ந்ததும் அடுத்தவர்... கம்பெனி தையல் லைனில் ஷூ பீஸ் கைமாறுவது போல, நடுவில் நிற்கவே இல்லை. நானும் ஒரு முறை முயன்றேன். "தடவுறீங்க சார். தள்ளிப் போங்க!" என்றார் ஸ்டெல்லா. விலகிக்கொண்டேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. மெஷின் வைத்து ஷாக் கொடுத்தார்கள். இரண்டாவது ஷாக்குக்குப் பிறகு, "துடிப்பு வந்துடுச்சி" என்றார்கள். கன்னியம்மாள் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதார். நானும்தான்.

இதையெல்லாம் எங்கே கற்றாராம் ஸ்டெல்லா? ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வரும்போது, லைனுக்குச் சில பேராவது முதலுதவி தெரிந்தவர்களாக இருக்க வேண்டுமாம். "பொம்மைய வெச்சி சொல்லிக் குடுத்தாங்க சார். டார்கெட் ஜாஸ்தி, இதுல இது இன்னா பேஜார்னு திட்டிக்கினேதான் கத்துக்கினேன்" என்று சிரித்தார்.

ஒருவர் விழுந்தால் நாம் எதைத்தான் தருவதில்லை? சோடா, செருப்பு, விபூதி, ஆளுக்கொரு யோசனை... அவருக்கு வேண்டியதோ இரண்டு கைகள். எனக்கும் இரண்டு இருந்தன. என்ன செய்வதென்று அவற்றுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மறுநாளே ஸ்டெல்லாவிடம் போய், தலையணையை அழுத்திக் கற்றுக்கொண்டேன். நீங்களும் கற்றுக்கொள்ளுங்களேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் ஏழுமலையைப் பார்த்தேன். விலா எலும்பில் விரிசலாம். "இருமினா உயிரு போவுது சார்" என்று முனகினார்.

கன்னியம்மாள் போர்வையை இழுத்துவிட்டபடி சொன்னார்: "நல்லா வலிக்கட்டும் சார். வலிக்குதுன்னு சொல்றதுக்கு ஆளு இருக்காரே!"