புதன்கிழமை ஜெபம்

எங்கள் கல்லூரி திருச்சுழி ரோட்டில், அருப்புக்கோட்டை முடிந்து கருவேலங்காடு தொடங்கும் இடத்தில் இருந்தது. சின்னக் கிறிஸ்தவக் கல்லூரி. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே உளவியல் படித்தேன். பைத்தியத்துக்குப் பார்க்கிற படிப்பா என்று கடைத்தெருவில் கேட்பார்கள். ஆமாம், உங்களைப் பார்க்கத்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

துறைக்கு இரண்டே பேராசிரியர்கள். ஒருவர் பாடப் புத்தகத்தை வாசிப்பதோடு சரி. இன்னொருவர் ஒரு அம்மா. எங்கள் முகம் வாடியிருந்தால் கூப்பிட்டு விசாரிப்பார். அவர் அறையில் பச்சைத் திரை போட்ட ஒரு மூலை உண்டு. அங்கே பேசுவது திரையைத் தாண்டாது என்று வகுப்பிலேயே சொல்லியிருந்தார். நம்பிப் போய் உட்கார்ந்தேன். பரீட்சை முடிந்ததும் பந்தல்குடித் தாய்மாமனுக்கு என்னைக் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு. எனக்கோ மதராஸில் எம்.ஏ. படிக்க ஆசை. அப்பாவிடம் சொல்லப் பயம். எல்லாவற்றையும் கொட்டி அழுதேன்.

புதன்கிழமைதோறும் சாயங்காலம் ஆசிரியர்கள் கூடி ஜெபம் செய்வார்கள். ஆளுக்கொரு மாணவருக்காக வேண்டிக்கொள்வது வழக்கம். பெயர், ஊர், தகப்பன் தொழில் எல்லாம் சொல்லித்தான் வேண்டுவார்கள், ஆண்டவருக்கு விலாசம் தெரியாதது போல. அந்த வாரம் அந்த அம்மா எனக்காகக் கண்ணீரோடு ஜெபித்திருக்கிறார். கடவுளிடம் சொல்வது யாரிடமும் சொல்வதாகாது என்றே நினைத்திருக்கிறார்.

மறுநாள் தமிழ் வாத்தியார் எங்கள் வத்தல் கடைக்கு மிளகாய் வாங்கப் போனார்.

"ஒங்க மக கல்யாணம் நிக்கணும்னு நாங்கள்லாம் உருக்கமா ஜெபம் பண்ணுனோம். கவலப்படாதீக," என்று அப்பாவுக்கு ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா கல்லூரிக்கே வந்துவிட்டார். என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். கடை வேட்டியோடு, செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பச்சைத் திரை அறையில் நின்றிருந்தார். மிளகாய் நெடியில் அந்த அம்மா தும்மிக்கொண்டே மன்னிப்புக் கேட்டார். விஷயம் தெரிந்ததும் அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. படிப்பு போயிற்று என்றே நினைத்தேன்.

அப்பா சத்தம் போடவில்லை. "சாமிகிட்ட கேட்டது தப்பில்ல டீச்சர். இத்தன பேரு கேட்டிருக்கீக. எம் பக்கத்துல ஒக்காந்து கடைக்கணக்கு பாக்குற புள்ள, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே." பிறகு என் பக்கம் திரும்பினார். "மாட்டேன்னு சொல்லிருவேன்னு நீயே முடிவு பண்ணிட்டியாத்தா?"

"படிக்கணும்ப்பா," என்றேன்.

"பந்தல்குடிக்குப் போயி நானே சொல்லிட்டு வாரேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

மாமா அதோடு எங்களிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். என்னைப் பெற்றவள் வெகுகாலம் தன் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

சில வருஷம் கழித்து அதே துறையில் நானும் பேராசிரியையாகச் சேர்ந்தேன். புதன்கிழமைக் கூட்டத்தில் என் முறை வந்தால், "எங்க பிள்ளைகளுக்காக" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவும் அவ்வளவுதான் சொல்வார்.

பச்சைத் திரைக்குப் பின்னால் ஒரு பெண் அழுது முடித்ததும் நான் முதலில் கேட்பது, "வீட்டில் கேட்டுப் பார்த்தாயா?" என்றுதான். கேட்டால் அடிப்பார்கள் என்று சொல்லும் பிள்ளைகளுக்கு வேறு வழி பார்ப்பேன். கேட்கவே இல்லை என்று தலையாட்டுகிறவர்களும் உண்டு. அப்போது எனக்கு மிளகாய் நெடி ஏறும்.