பீப்பா பியருக்கு ரெயில் பிடித்த சனிக்கிழமைகள்

குடிக்கப் போகிறவர்களை ரெயிலேற்றிக் கொண்டுபோவதும், குடித்தவர்களை ரெயிலேற்றிக் கொண்டுவருவதும் ஒரே வேலை என்று நினைப்பவர்கள் அந்த வேலையைச் செய்து பார்த்ததில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவோ, கலியாண பஸ்ஸோ, பத்துப் பேரை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய், திரும்பும்போது தலையை எண்ணிப் பார்த்து ஒன்று குறைந்து நெஞ்சு திக்கென்று போனவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் வாசித்துவிட்டுச் சிரிக்கலாம். எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கில், ஒரு வருசத்துக்கு மேல் நான் இதைச் செய்தேன்.

நிதானமான ஆள்

என் கணவர் செல்வம் எழுபதுகளிலேயே சில்க்போர்க்குக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். கலியாணம் முடித்து நானும் வந்து, டேனிஷ் படித்து, ஒரு சின்னப் பயணக் கந்தோரில் ரிக்கற் எழுதுகிற வேலை எடுத்தேன். மேசை பின்னறையில். வாடிக்கையாளர் வந்திருந்து கதைக்கிற முன் மேசையைக் கேட்கும்போதெல்லாம் முதலாளி கிர்ஸ்டன், "பார்ப்போம்" என்பாள். அந்தப் பார்ப்போம் மூன்றாம் வருசத்தில் நடந்துகொண்டிருந்தது.

ஊரில் ஒரு பியர் ரசிகர் சங்கம் இருந்தது. கடையில் விற்கிற போத்தல் பியரை இவர்கள் பியர் என்றே ஏற்றுக்கொள்வதில்லை. பீப்பாவுக்குள்ளேயே கிடந்து முற்றி, கைப்பம்பால் இழுத்து ஊற்றுகிற ஏல் என்ற பழைய வகைதான் வேண்டும். அது கிடைக்கிற க்ரோக்கள், அதாவது நாட்டுப்புறத்துச் சத்திரங்கள், ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று சிதறிக் கிடந்தன. குடித்துவிட்டுக் கார் ஓட்டினால் பொலிஸ் பிடிக்கும். ஆகவே ரெயில், பஸ். சங்கத் தலைவர் ஓலுஃப், பெயின்ற் கடைக்காரர், ஒருநாள் கந்தோருக்கு வந்தார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வழி பார்த்து, ரிக்கற் எடுத்து, கூடவே வந்து, எல்லாரையும் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க ஒரு ஆள் வேண்டும் என்றார்.

சனிக்கிழமை என்ற சொல் காதில் விழுந்ததும் முன்னறையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் அவசர வேலை வந்துவிட்டது. கிர்ஸ்டன் பின்னறைக்கு வந்தாள். ஒரு வருசம் இதைச் செய், முன் மேசை உனக்குத்தான் என்றாள். ஏன் என்னைக் கேட்கிறாய் என்றேன். அவள் யோசிக்கவேயில்லை.

"பின்னேரம் வரைக்கும் நிதானமாய் நிற்பாள் என்று இந்தக் கந்தோரில் நான் நம்பக்கூடிய ஒரே ஆள் நீதான், ரஞ்சி."

பின்கதவு

முதல் பயணம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சங்கத்துக்காரர் தேவாலயத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். மேசை ஆயத்தமா என்று பார்க்க நான் முன்னால் போனேன். ஊத்தைபடாத நல்ல கோட், கழுத்தில் சால்வை, கையில் கந்தோரின் பெயர் போட்ட பை. க்ரோக்காரி கதவைப் பாதி திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் வாய் திறக்க முதலே, கோப்பை கழுவுகிற வேலைக்கு ஆள் எடுத்தாயிற்று, கேட்க வேண்டுமென்றால் பின்கதவால் வா என்றாள்.

நான் டேனிஷில், மிகவும் மரியாதையாக, இன்றைக்கு உன் சாப்பாட்டு மண்டபம் முழுவதையும் பதிவுசெய்தவள் நான்தான் என்றேன். அவள் முகம் சிவந்து போய், உள்ளே ஓடி, எனக்கு மட்டும் ஒரு கிளாஸ் தோடம்பழச் சாறு கொண்டுவந்து வைத்தாள், காசு வேண்டாம் என்று. கதை மேசை முழுக்கப் பரவியது. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஓலுஃப் மட்டும் என் முகத்தைப் பார்த்து, எழும்பி வந்து, என் தோளில் தட்டினார். ஆறுதல் சொல்லுகிறாராம்.

"கோவிக்காதே ரஞ்சி, உன்னைக் கண்டால் ஆருக்கும் முதலில் அப்படித்தானே தோன்றும்."

ஏலை விழுங்கக் கூடாது

சனிக்கிழமை பின்னேர பஸ் என்பது டென்மார்க்கின் நாட்டுப்புறத்தில் ஒரு அருமையான பொருள். ஒன்றை விட்டால் அடுத்தது நாளைக்கு. இன்னொரு பயணத்தில் இதை நான் காலையில் ரெயிலிலும் சொன்னேன், சாப்பாட்டு மேசையிலும் சொன்னேன், பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம் இருக்கக் கதிரைக்குக் கதிரை போயும் சொன்னேன். சங்கத்தின் காசாளர் பிர்ட்ட என்ற அம்மாவும், ஹென்னிங் என்ற ஓய்வுபெற்ற தபால்காரரும் உடனே எழும்பிக் கோட்டைப் போட்டார்கள். பிர்ட்ட நல்ல மனுசி. என் மகளுக்கு ஒரு கம்பளித் தொப்பி பின்னித் தந்தவள். மற்றவர்களுக்கு ஓலுஃப் அப்போதுதான் கடைசிப் பீப்பாவிலிருந்து ஒரு சுற்று ஊற்றுவித்திருந்தார். ஏலை அவசரத்தில் விழுங்கக் கூடாது, அதை நாக்கில் உட்கார வைக்க வேண்டும் என்று ஒரு பிரசங்கம் வேறு.

அது நாக்கில் உட்கார்ந்திருந்த நேரத்தில் பஸ் போய்விட்டது. நான் தரிப்பிடத்தில் நின்று சாரதியிடம் கெஞ்சினேன். அவர் கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். பக்கத்து ஸ்ரேசன் வரைக்கும் எல்லாரும் நடந்தோம். ஆலங்கட்டி மழை. இரண்டு பக்கமும் உழுத வயல், ஒதுங்க ஒரு கூரை இல்லை. ரொயிலெற் தேடிக்கொண்டு ஒவ்வொருவராக வேலி ஓரம் ஒதுங்க, நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டு தலைகளை எண்ணினேன். ஸ்ரேசனில் ஏறி நின்றபோது சப்பாத்துக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. ஓலுஃப் தொப்பியைப் பிழிந்துகொண்டே எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"உங்கடை நாட்டில் பஸ் ஆட்களுக்காகக் காத்து நிற்குமாக்கும், ரஞ்சி, இங்கே அப்படியில்லை, இனிமேல் கவனமாயிரு."

உபவாசம்

அந்தக் காலத்தில் எங்களைப் போல நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் ஹோர்சன்ஸில் ஒரு வீட்டில் ஞாயிறு பின்னேரம் ஜெபத்துக்குக் கூடுவோம். ஒரு ஞாயிறு நான் உள்ளே போனதும் பாட்டு நின்றது. எனக்கு முன்னால் இருந்த பெண்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்கள். விசயம் என்னவென்றால், முந்திய வாரச் சனிக்கிழமை ஹோர்சன்ஸ் ஸ்ரேசனில் ஹென்னிங்குக்குக் கால் பின்னி விழப் பார்த்தார். நான் அவரின் கையை என் தோளில் போட்டு மேடை முழுவதும் நடத்திக்கொண்டு போனேன். எங்கள் சபைக்காரர் ஒருவர் மறுபக்க மேடையில் நின்று பார்த்திருக்கிறார்.

அது என் வேலை என்று சொன்னேன். சம்பளத்துக்குச் செய்கிறேன், ஒரு சொட்டும் வாயில் வைத்ததில்லை என்றேன். செல்வம் எனக்காகக் கதைக்கப் போனார், அவரையும் பரிதாபமாகப் பார்த்தார்கள். முடிந்து சப்பாத்துப் போடும்போது, வீட்டுக்காரி மேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கந்தோருக்குப் போக முதல் அவளும் நானும் ஒரே மீன் தொழிற்சாலையில் ஒன்றாக நின்று மீன் வெட்டியவர்கள். குரலைத் தாழ்த்தினாள்.

"பிழையா நினையாதேங்கோ அக்கா, சாராயக் கடைக்கு ஆள் ஏத்துறதிலை இருந்து கர்த்தர் உங்களை விடுவிக்கோணுமெண்டு போன கிழமையிலை இருந்து உபவாசம் இருக்கிறம்."

ஹோர்சன்ஸில் ஏறியவர்கள்

அந்த இலையுதிர் காலத்தில் என் தம்பி ஜெயன் அகதியாய் வந்து சேர்ந்தான். கிழக்கு ஜெர்மனிப் பக்கமாய்க் கப்பலேறி வந்த எத்தனையோ பொடியங்களில் அவனும் ஒருவன். ஹோர்சன்ஸ் பக்கத்தில் ஒரு பழைய விடுதியில் வைத்திருந்தார்கள். பத்திரிகைகளில் ஒவ்வொரு நாளும் தமிழர், தமிழர் என்று எழுதினார்கள். சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நிற்கலாம் என்று அனுமதி கிடைத்தது. எந்த ரெயில் என்று அவன் எனக்குச் சொல்லவில்லை. நானும் சங்கத்தாருடன் ஹோர்சன்ஸ் பக்கம்தான் என்று அவனுக்குச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது எங்கள் கூட்டம் நல்ல குசியில் பாடிக்கொண்டிருந்தது. ஹோர்சன்ஸில் மூன்று பொடியங்கள் ஏறினார்கள். மெல்லிய ஜக்கற், தானம் கிடைத்த பெரிய சப்பாத்து. எங்கள் பெட்டியில்தான் இடம் இருந்தது. பிர்ட்ட பக்கத்துக் கதிரையில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தாள். பாட்டு நின்றது. "இப்போ எந்த ரெயிலைப் பார்த்தாலும் இவங்கள்தான். இவங்களின் ரிக்கற்றுக்கு ஆர் காசு கட்டுகிறது?" என்றாள். பிறகு என் முழங்கையைத் தட்டி, "உன்னைச் சொல்லவில்லை ரஞ்சி, நீ வேலை செய்கிறாய்" என்றாள்.

அப்போதுதான் நடுவில் நின்ற பொடியன் திரும்பினான்.

"அக்கா!"

பெட்டி முழுக்கக் கேட்டது. அவனை நான் கடைசியாகக் கண்டபோது மீசை முளைக்கவில்லை. எழும்பிப் போய்க் கட்டிப்பிடித்தேன். எலும்பும் தோலுமாய் இருந்தான். திரும்பி, எல்லாருக்கும் விளங்க டேனிஷில் சொன்னேன்: "இவன் என் தம்பி." ஓலுஃப் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ரிக்கற் பார்க்கிறவர் வந்தார். பாடிக் களைத்துப் போயிருந்த எங்கள் கூட்டத்துக்கு எட்டத்தில் நின்று தலையாட்டியதோடு சரி. ஜெயனின் ரிக்கற்றை மட்டும் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பிப் பார்த்து, பிறகு இன்னொரு தரம் பார்த்தார். சரியான ரிக்கற்.

"அக்கா, ஏன் இவை எல்லாரும் எங்களை இப்பிடிப் பாக்கினம்?" என்று ஜெயன் மெல்லக் கேட்டான்.

"குடிச்சிருக்கினமடா" என்றேன்.

ஹென்னிங் எழும்பினார். தள்ளாடிக்கொண்டு வந்து ஜெயனுக்குப் பக்கத்தில் இருந்தார். அவனுக்கு டேனிஷ் தெரியாது, அவருக்கு வேறொன்றும் தெரியாது. ஸ்கண்டர்போர்க்கில் ரெயில் மாறும் வரைக்கும் ஜன்னலால் கையைக் காட்டிக் காட்டி ஏரிகளின் பெயர்களைச் சொன்னார். ஜெயன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான். மேடையில் இறங்கியபோது பிர்ட்ட என்னை ஒரு பக்கம் இழுத்தாள். கோபம் இல்லை. உண்மையாகவே என்னில் மனவருத்தப்பட்டுத்தான் சொன்னாள்.

"இவன் வருவான் என்று முன்னமே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே ரஞ்சி, நாங்கள் வேறு பெட்டியில் ஏறியிருப்போம்."

திங்கட்கிழமை

நான் போகமுதலே முறைப்பாடு போய்ச் சேர்ந்துவிட்டது. சங்கத்தின் பயணத்தில் சொந்தக்காரரைச் சேர்த்தேனாம். அவன் காசு கட்டி எடுத்த ரிக்கற்றில் எல்லாருக்குமான ரெயிலில் வந்தான் என்று கிர்ஸ்டனுக்குச் சொன்னேன். தெரியும், தெரியும் என்றாள். அவளுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அப்பால், முன் மேசையில் லேன என்று ஒரு புதுப் பெட்டை இருந்து தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடித்து அந்தக் கிழமைதான் வேலைக்கு வந்தவள். எனக்குச் சொன்ன ஒரு வருசம் எப்போதோ முடிந்திருந்தது.

அந்த மேசை எனக்கென்றுதானே சொன்னாய் என்று கேட்டேன். கிர்ஸ்டன் எனக்குக் கோப்பி ஊற்றினாள். இப்போது நேரம் சரியில்லை, ஊரில் ஆட்கள் ஒரு மாதிரிக் கதைக்கிறார்கள், கொஞ்சம் அடங்கட்டும் என்றாள். அப்படியென்றால் இனிமேல் சனிக்கிழமைகளில் நான் வரமாட்டேன் என்றேன். அவள் மறுக்கவில்லை. பெருமூச்சு விட்டுச் சீனியை நீட்டினாள்.

"உன்னில் ஒரு குறையும் இல்லை ரஞ்சி, அவர்கள் பியர் குடிக்க வருகிறார்கள், பத்திரிகைச் செய்தியைப் பக்கத்தில் இருத்தி வைக்க அல்ல."

தொலைபேசிக் கூண்டு

அடுத்த பயணத்துக்கு லேன போனாள். அன்று பின்னேரம் நாங்கள் வீட்டில் இருந்தோம். ஜெயன் வந்திருந்தான், மகள் அவனுக்கு டேனிஷில் எண்ணச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது. ஓலுஃப். நான் முன்பு கூட்டிக்கொண்டு போன ஒரு க்ரோவுக்கு முன்னால் தொலைபேசிக் கூண்டில் நிற்கிறாராம். லேன கிழமை நாட்களின் பஸ் நேரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை அந்த பஸ் இல்லை. பனி கொட்டுகிறது, க்ரோவும் ஒரு கலியாண விருந்துக்கென்று அவர்களை வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டது. என்ன செய்யலாம்?

தெரியாது என்று சொல்லித் தொலைபேசியை வைத்திருக்கலாம். செல்வம் கையால் வை, வை என்று காட்டினார். அந்தக் கூட்டத்தில் பிர்ட்டவும் நிற்பாள், அவளுக்கு மூச்சிழுக்கிற இளைப்பு வருத்தம். கூண்டுக்கு எதிரே பால் பண்ணை தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது. அதன் பக்கத்து ஒழுங்கைப் பாதையால் ஏறினால் பெரிய றோட்டு வரும். அதில் வேறு ஊரிலிருந்து வருகிற பஸ் ஒன்று தரிக்கும், லேனவின் தாளில் அது இருக்காது, உடனே நடவுங்கோ என்றேன். ஹென்னிங் நடப்பாரா என்று கேட்டேன். ஹென்னிங் சங்கத்தை விட்டுவிட்டார், ரெயிலில் நடந்த அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு வரவேயில்லை என்றார் ஓலுஃப். ஏன் என்று அவர் சொல்லவில்லை. கூண்டுக்கு வெளியே ஆட்கள் காலைத் தட்டுகிற சத்தம் கேட்டது. வைப்பதற்கு முன் அவர் மனம் நிறைந்து சொன்னார்.

"நீ நல்ல பிள்ளை ரஞ்சி, வந்ததுகள் எல்லாம் உன்னைப் போல இருந்தால் இந்த நாட்டில் ஒரு பிரச்சினையும் இராது."

அதற்கடுத்த மாதம் முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேயும் தள்ளாடுகிறவர்களைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கொண்டுவந்து விடுவதுதான் வேலை, ஆனால் அவர்கள் தள்ளாடுவதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது.